அடுக்களை வரை வந்த போர்

(மூன்று ஜப்பானியச் சித்திரப் படங்கள் வழியே ஓர் அகிம்சைப் பாடம்)

அகிம்சை என்னும் சொல்லைக் கேளாமல் வளர்ந்த குழந்தை நம் சமூகத்தில் ஒன்றேனும் இராது. எறும்பை மிதிக்காதே, நீரை வடிகட்டிப் பருகு, கதிரவன் மறையுமுன் உண்டு முடி என்று சொல்லியே நம் முன்னோர் பிள்ளைகளை வளர்த்தனர். ஆயினும் போர் என்னும் பெருங்கொலையைப் பற்றி அப்பிள்ளைகள் வினவும்போது நாம் தடுமாறி நிற்கின்றோம். "அது அரசாள்வோர் செய்யும் பாவம், நமக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை" என்று விடை கூறி அமைதி கொள்கின்றோம்.

அவ்விடை போதாது என்பதை எமக்கு உணர்த்தியவை ஜப்பான் நாட்டில் உருவான மூன்று திரைப்படங்கள். அவை நடிகர்கள் தோன்றி நடிக்கும் படங்கள் அல்ல. ஆயிரக்கணக்கான ஓவியங்களை வரைந்து, அவற்றை அடுத்தடுத்து ஓடவிட்டு, உயிருள்ளவை போல் அசையச் செய்யும் சித்திரப் படங்கள். நம் பிள்ளைகள் கார்ட்டூன் என்பர். ஜப்பானியர் அனிமே என்பர். மூன்றும் இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அந்நாட்டுக் குழந்தைகளும் குடும்பங்களும் பட்ட பாட்டினைக் கூறுகின்றன.

கோடை விடுமுறை ஒன்றில் பேரப் பிள்ளைகளுடன் அமர்ந்து முதற்படத்தைக் கண்டோம். படம் முடிந்ததும் பன்னிரண்டு வயதுப் பெயர்த்தி, "அந்தச் சின்னப் பெண்ணைக் கொன்றது யார், பாட்டி?" என்று கேட்டாள். "குண்டு போட்டவர்கள்" என்றோம். "அவள் மேல் குண்டே விழவில்லையே!" என்றாள். எம்மிடம் விடை இல்லை. அவ்வினாவிற்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

ஒரே கலை, இருவேறு பயன்

ஜப்பானியரின் முதல் முழுநீளச் சித்திரப் படம் 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிவந்தது. 'மொமொதாரோ – கடலின் தெய்வ வீரர்கள்' என்பது அதன் பெயரின் பொருள். அந்நாட்டுக் கடற்படைத் துறையே அதனை எடுக்கச் செய்தது. இயக்கியவர் மிட்சுயோ செயோ. பாட்டிமார் சொல்லும் பழங்கதையின் நாயகனான மொமொதாரோ அதில் படைத்தலைவன் ஆகின்றான். நாயும் குரங்கும் கரடியும் அவனுடைய போர்வீரர்கள். இறுதியில் சிறு விலங்குகள் தரையில் வரைந்த அமெரிக்க வரைபடத்தின் மீது குதித்து விளையாடுகின்றன. அழகிய ஓவியங்களைக் கொண்டே குழந்தையின் நெஞ்சில் போர் வேட்கையை விதைத்த படம் அது.

ஆனால் அது வெளிவந்தபோது அதனைக் காண வேண்டிய குழந்தைகள் பலர் நகரங்களில் இல்லை. வான்வழித் தாக்குதலுக்கு அஞ்சி அவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பியிருந்தனர். அவ்வாண்டு மார்ச்சு 10-ஆம் நாள் இரவில் மட்டும் டோக்கியோ நகரில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் தீக்குண்டுகளால் மாண்டனர். போர் முடிவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன.

அத்தீயினூடே ஓடிப் பிழைத்த குழந்தைகளுள் சிலர் பிற்காலத்தில் எழுத்தாளராயினர், ஓவியராயினர், திரைப்பட இயக்குநராயினர். போரை வளர்க்கப் பயன்பட்ட அதே கலையைக் கொண்டு போரின் உண்மை முகத்தை வரைந்து காட்டினர். கருவி ஒன்றே, அதைப் பிடித்த கையின் எண்ணமே வேறு. எண்ணமே வினைக்கு வித்து என்று பயின்ற நமக்கு இது வியப்பளிப்பதன்று.

மின்மினிகளின் கல்லறை

முதற்படம் 'மின்மினிகளின் கல்லறை'. 1988-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிவந்தது. இயக்குநர் இசாவ் தகஹாட்டா. 1945 சூன் 29-ஆம் நாள் ஒகயாமா நகரம் தாக்கப்பட்டபோது அவர் ஒன்பது வயதுச் சிறுவர். எரியும் தெருக்களினூடே ஓடித் தப்பியவர். 2018-ஆம் ஆண்டு மறைந்தார். மூலக்கதையை 1967-இல் எழுதியவர் அகியுகி நொசாகா. அக்கதைக்கு அந்நாட்டின் பெருமைமிக்க நவோகி பரிசு கிடைத்தது.

கோபே என்னும் துறைமுக நகரத்தில் பதினான்கு வயதுச் சேய்டாவும் நான்கு வயதுத் தங்கை செட்சுகோவும் வாழ்கின்றனர். தந்தை போர்க்கப்பலில் பணிபுரிகின்றார். தாய் தீக்குண்டில் கருகி மாள்கின்றாள். பிள்ளைகள் நிஷினோமியாவில் உள்ள உறவினளான அத்தையிடம் அடைக்கலம் புகுகின்றனர். தொடக்கத்தில் அவள் ஏற்றுக்கொள்கின்றாள். அரிசி குறையக் குறைய அவள் முகமும் மாறுகின்றது. இறந்த தாயின் பட்டாடைகளை விற்று அரிசி வாங்குகின்றாள். வேலைக்குச் செல்லும் தன் மகளுக்கும் வீட்டில் குடியிருப்பவனுக்கும் பானையின் அடியிலிருந்து திண்ணிய சோற்றை எடுக்கின்றாள். இவ்விருவருக்கும் மேலே நிற்கும் கஞ்சி நீரை ஊற்றுகின்றாள். நாட்டுக்காக உழைக்காதவனுக்குச் சோறு ஏன் என்று குத்திப் பேசுகின்றாள்.

மனம் புண்பட்ட சேய்டா தங்கையுடன் வெளியேறுகின்றான். குளக்கரையில் கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்று அவர்களுக்கு வீடாகின்றது. தாய் விட்டுச் சென்ற 7,000 யென் வங்கியில் இருக்கின்றது. ஆயினும் பங்கீட்டுக் காலத்தில் பணத்திற்கு அரிசி கிடைப்பது அரிது. தவளையை உலர்த்தித் தின்னும் நிலை வருகின்றது. திருடப் போய்க் குடியானவன் ஒருவனிடம் அடிபடுகின்றான். மருத்துவர் சிறுமியைப் பார்த்துவிட்டு, ஊட்டமான உணவு கொடு என்று மட்டும் சொல்லி அனுப்புகின்றார். பசியால் மயங்கிய சிறுமி கண்ணாடிச் சில்லை மிட்டாய் என எண்ணி வாயில் வைத்துச் சப்புகின்றாள். போர் முடிந்துவிட்டது என்னும் செய்தி வரும் வேளையில் அவள் உயிர் அடங்குகின்றது. 1945 செப்டம்பர் 21-ஆம் நாள், சன்னோமியா புகைவண்டி நிலையத்துத் தூணருகே சேய்டாவும் பசியால் மாள்கின்றான். தங்கையின் எலும்புத் துகள் அடங்கிய மிட்டாய்த் தகரப் புட்டி ஒன்றே அவனிடம் எஞ்சியது.

கதாசிரியர் நொசாகாவின் வாழ்வையும் அறிதல் வேண்டும். அவரும் கோபேயில் வீட்டை இழந்தவர். ஒன்றரை வயதும் நிரம்பாத அவருடைய தங்கை 1945-இல் ஊட்டமின்றி இறந்தது. கதையில் வரும் அண்ணன் போலத் தாம் அன்புடையவராய் இருந்ததில்லை என்றும், தங்கைக்கு ஊட்ட வேண்டியதைத் தாமே உண்டதுண்டு என்றும் அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். அத்தங்கையிடம் கேட்ட மன்னிப்பாகவே அக்கதை அமைந்தது. செய்த பிழையை மறைக்காது எடுத்துரைப்பதை நாம் ஆலோசனை என்போம். அதற்காக வருந்தி மீள்வதைப் பிரதிக்கிரமணம் என்போம். அவர் சமணர் அல்லர். ஆயினும் அவர் செய்தது இவற்றை ஒத்ததே.

கொன்றது யார்?

இனிப் பெயர்த்தியின் வினாவிற்கு வருவோம். இயக்குநர் தகஹாட்டா, இது வெறும் போர் எதிர்ப்புப் படம் அன்று என்று பலமுறை கூறியுள்ளார். சுற்றத்தாரிடமிருந்து பிரிந்து தனித்து வாழ முயன்று தோற்ற இரு பிள்ளைகளின் கதை என்பதே அவர் கருத்து. இதனை நம் ஆகமக் கண்கொண்டு நோக்கினால் பொருள் தெளிவாகும்.

உயிரைப் பிணிக்கும் கஷாயங்கள் நான்கு: குரோதம், மானம், மாயை, லோபம். படத்தில் இந்நான்கும் முறையே வந்து நிற்கின்றன. பயிரைத் திருடிய பசித்த சிறுவனைத் தங்கையின் கண்முன்னே புடைத்த குடியானவனிடம் குரோதம் நிற்கின்றது. அத்தையின் சொல்லைப் பொறுக்க மாட்டாமல் வெளியேறி, அவளிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடு என்று ஒருவர் அறிவுரை கூறிய பின்னும் திரும்பாத சேய்டாவிடம் மானம் நிற்கின்றது. கடற்படை அழிந்ததை மக்களுக்கு மறைத்து, வெற்றி வெற்றி என்று முழங்கிய அரசிடம் மாயை நிற்கின்றது. தந்தை மீள்வார் என்னும் பொய்ந்நம்பிக்கையில் பிள்ளைகள் நாள் கழித்தமைக்கு அதுவே காரணம். அகப்பையை அளந்து பிடித்த அத்தையிடம் லோபம் நிற்கின்றது.

இல்லறத்தார் மேற்கொள்ளும் அகிம்சை அனுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அஃதாவது விரதத்தைக் கறைப்படுத்தும் குற்றங்கள், கூறப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கவொண்ணாச் சுமை ஏற்றுதல் என்பன முதல் நான்கு. ஐந்தாவது அன்னபான நிரோதம். நம்மை அண்டி வாழும் உயிருக்கு உரிய உணவையும் நீரையும் தடுத்தல். அருங்கலச்செப்பு ஓதிய குடும்பங்களுக்கு இல்லறத்தார் ஒழுக்கம் புதிதன்று. ஆயினும் இவ்வைந்தாவது குற்றத்தை மாட்டுக்கும் கன்றுக்கும் உரியதாக மட்டும் எண்ணிக் கடந்துவிடுகின்றோம். வாளால் வெட்டுவதும் சோற்றைத் தடுப்பதும் ஒரே விரதத்தின் கீழ் வைக்கப்பட்டமையை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

அத்தை கொடியவள் அல்லள். அடைக்கலம் தந்தவளும் அவளே. தன் குடும்பம் பிழைக்க வேண்டுமே என்னும் அச்சம் அவளை ஆட்கொண்டது. அவள் யாரையும் கொல்லக் கருதியதில்லை. கஞ்சியை ஊற்றும்போது கை சற்றே மேலெழுந்தது, அவ்வளவே. விண்ணிலிருந்து குண்டு வீசியவன் அச்சிறுமியைக் கண்டதும் இல்லை. அவன் தொடங்கிய கொலையை முடித்து வைத்தது, அவளை அன்றாடம் கண்டவர்களின் அகப்பை. போர் எல்லையில் நிற்பதில்லை. அடுக்களை வரை வருகின்றது. அங்கே அதற்குக் கதவு திறப்பவர் நம்மைப் போன்ற இல்லறத்தாரே.

நான்கறிவுயிரும் நான்கு வயதுக் குழந்தையும்

படத்தின் பெயர்க்காரணம் நமக்குப் பெரிதும் உரியது. பதுங்குகுழியின் இருளுக்கு அஞ்சிய தங்கைக்காகச் சேய்டா மின்மினிகளைப் பிடித்துக் கொசுவலைக்குள் விடுகின்றான். இரவெல்லாம் ஒளி. விடிந்தபின் பார்த்தால் அவை மாண்டு கிடக்கின்றன. செட்சுகோ சிறு குழி தோண்டி அவற்றைப் புதைக்கின்றாள். தாயும் இவ்வாறே மண்ணில் கிடக்கின்றாள் என்பதை அண்ணன் மறைத்திருந்தும் அறிந்திருக்கின்றாள். மின்மினிகள் ஏன் இவ்வளவு விரைவில் இறக்கின்றன என்று கேட்கின்றாள்.

மின்மினி நான்கு பொறிகள் உடைய உயிர். விளக்கொளியை நாடி வரும் இத்தகைய உயிர்கள் மாளக் கூடாது என்பதும் நாம் இரவுணவு தவிர்ப்பதற்கு ஒரு காரணம். தலைமுறை தலைமுறையாய் நாம் கற்ற பாடத்தை அக்குழந்தை தன் துயரத்தினூடே தானே கண்டுகொள்கின்றாள். தன் தாயின் மரணமும் பூச்சியின் மரணமும் அவளுக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை.

இங்கே மாணாக்கர் ஓர் ஒப்புமையைக் கருதலாம். யசோதர காவியத்தில் மன்னன் யசோதரனும் அவன் தாயும் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டனர். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தமையால் பல பிறவிகளில் விலங்காய்ப் பிறந்து துன்புற்றனர். அதற்கு மறுதலை சேய்டாவின் செயல். அவனிடம் கொல்லும் எண்ணம் இல்லை. தங்கையின்பால் அன்பே இருந்தது. ஆயினும் உயிர்கள் மாண்டன. விழிப்பின்மையால், அஃதாவது பிரமாதத்தால், நேர்ந்தது அது. இரண்டின் வினைப்பயனும் ஒன்றன்று. எனினும் கருத்து நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, கண்ணும் விழித்திருத்தல் வேண்டும் என்பதை மின்மினிகள் கற்பிக்கின்றன. அத்தையிடம் இல்லாது போனதும் அவ்விழிப்பே.

வெறுங்கால் கென்

இரண்டாம் படம் 'வெறுங்கால் கென்'. 1983-ஆம் ஆண்டு மசாகி மோரி இயக்கத்தில் வெளிவந்தது. இது கேஜி நகசாவா 1973-இல் எழுதி வரையத் தொடங்கிய சித்திரக் கதையைத் தழுவியது. அவர் ஹிரோஷிமாவில் பிறந்தவர். அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஆறு வயதுச் சிறுவராய்ப் பள்ளி வாயிலருகே நின்றிருந்தார். மதிற்சுவர் மறைத்தமையால் உயிர் பிழைத்தார். தந்தையும் தமக்கையும் தம்பியும் மாண்டனர். தாய் அன்றே ஒரு பெண் மகவை ஈன்றாள். அம்மகவும் நெடுநாள் வாழவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர் எனக் கணக்கிட்டுள்ளனர். 1966-இல் தாய் இறந்து எரியூட்டப்பட்டபோது, கதிர்வீச்சினால் எலும்பும் உருப்படியாக எஞ்சவில்லை என்பதைக் கண்ட பின்னரே நகசாவா இதனை எழுதத் துணிந்தார். 2012-ஆம் ஆண்டு அவர் காலமானார்.

கதையில் கென்னின் தந்தை போரை வெளிப்படையாக எதிர்க்கின்றார். அதனால் ஊரார் அக்குடும்பத்தை நாட்டுப் பகைவர் என்று ஒதுக்குகின்றனர். குண்டு விழுந்த பின் கென்னும் தாயும் கைக்குழந்தையும் மட்டுமே மிஞ்சுகின்றனர். உண்ண ஏதுமில்லை. அந்நிலையில் பெற்றோரை இழந்த ரியூட்டா என்னும் சிறுவன் அவர்களுடைய உணவைத் திருட வருகின்றான். கென் அவனைத் துரத்துகின்றான். பிடித்துப் பார்த்தால் இறந்துபோன தம்பியின் முகச்சாயல்! தாய் அவனை அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. வீட்டுப் பிள்ளையாய் ஏற்றுக்கொள்கின்றாள்.

அத்தையின் வீட்டில் அரிசி இருந்தது, கூரையும் இருந்தது. கென்னின் தாய்க்குக் கூரையும் இல்லை. ஒருத்தி உறவுப் பிள்ளைகளை இழந்தாள். மற்றொருத்தி திருட வந்த பிள்ளையைப் பெற்றாள். பற்றாக்குறை இருவருக்கும் பொதுவே. ஆதலின் பஞ்சமே மனத்தை மாற்றிவிட்டது என்று நாம் சாக்குக் கூற இயலாது.

இப்படத்தில் கைக்குழந்தை பிழைக்கவில்லை. கென்னும் ரியூட்டாவும் தீக்காயம் பட்ட ஒருவருக்குப் பணிவிடை செய்து ஈட்டிய பொருளால் பால் வாங்கி வரும்போது அது இறந்திருக்கின்றது. அறம் செய்தால் துன்பமே வாராது என்று இப்படம் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் மிதிபட்ட கோதுமைப் பயிர் நிமிர்வது போல அப்பிள்ளைகள் நிமிர்கின்றனர். தனித்து நின்ற சேய்டா வீழ்ந்தான். சேர்ந்து நின்றோர் எழுந்தனர்.

குரே நகரத்து மருமகள்

மூன்றாம் படம் 'இவ்வுலகின் இந்த மூலையில்'. ஃபுமியோ கோனோ என்னும் பெண்மணி வரைந்த சித்திரக் கதையைச் சுனாவோ கதபுச்சி 2016-இல் படமாக்கினார். பொருளுதவி செய்வார் இன்றி வருந்தியபோது பொதுமக்கள் மூவாயிரம் பேருக்கு மேல் நன்கொடை அளித்து இதனைத் தொடங்கச் செய்தனர்.

ஹிரோஷிமாப் பெண்ணான சுசு, போர்க்கப்பல் துறைமுகமான குரே நகருக்கு மருமகளாகச் செல்கின்றாள். படத்தின் பெரும்பகுதி போர்க்களம் அன்று; பங்கீட்டு அரிசியைப் பெருக்கிச் சமைப்பதும், காட்டுக் கீரை பறிப்பதும், கிழிந்த துணியைத் தைப்பதுமே. ஒருநாள் நேரம் தாழ்த்தி வெடிக்கும் குண்டு ஒன்று, அவள் கைப்பிடித்து நடந்த நாத்தனார் மகள் ஹருமியைக் கொல்கின்றது. சுசுவின் வலக்கையும் போகின்றது. மகளை இழந்த நாத்தனார் முதலில் சுசுவைப் பழிக்கின்றாள். பின்னர் அச்சொல்லுக்காக வருந்துகின்றாள்.

போர் முடிந்தபின் ஹிரோஷிமாவில் சுசுவும் கணவனும் அமர்ந்திருக்கின்றனர். கீழே விழுந்த சோற்று உருண்டையை ஓர் அனாதைச் சிறுமி எடுக்கின்றாள். பசியோடிருந்தும் உண்ணாமல் சுசுவிடமே நீட்டுகின்றாள். நீயே உண் என்கின்றாள் சுசு. அச்சிறுமியின் தாயும் வலக்கை இழந்து மாண்டவள். ஆதலால் குழந்தை கையற்ற சுசுவை ஒட்டிக்கொள்கின்றது. அவர்கள் அதனைக் குரேவுக்கு அழைத்துச் செல்கின்றனர். நாத்தனார் தன் இறந்த மகளின் ஆடைகளை எடுத்து வைக்கின்றாள். மகளைக் கொன்ற போரின் மீது அவள் வேறு எப்படியும் வெற்றி கொண்டிருக்க முடியாது.

1948-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு எடுத்த கணக்கில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் 1,23,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒவ்வொருவரும் யாரேனும் ஒருவருடைய வாயிலில் நின்றிருப்பர். சிலர்க்குக் கதவு திறந்தது, சிலர்க்குத் திறக்கவில்லை.

எம் பிழை ஒன்று

அத்தையைப் பழிப்பது எளிது. யாமும் முதலில் பழித்தோம். இரவில் உறக்கம் வரவில்லை. மறந்திருந்த நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வந்தது.

யாம் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், 1974-ஆம் ஆண்டளவில், தொடக்கப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு நடத்தி வந்தோம். ஒரு மாணவன் முற்பகலில் தூங்கி விழுவான். வீட்டுப் பாடமும் எழுதி வரமாட்டான். ஒருநாள் சினங்கொண்டு, எழுதி முடித்தபின்தான் வகுப்பை விட்டு எழ வேண்டும் என்று நண்பகலில் நிறுத்தி வைத்தோம். அவன் எழுதி முடித்து வெளியே சென்றபோது மதிய உணவு தீர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயா எம்மிடம், "டீச்சர், அந்தப் பையன் ஒரு நாளைக்குச் சாப்பிடுவதே இங்கே ஒரு வேளைதான்" என்றார். முற்பகல் தூக்கத்தின் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. பயிற்சிக் கல்லூரியில் கற்ற குழந்தை உளவியல் யாவும் அக்கணம் எமக்கு உதவவில்லை.

யாம் அடிக்கவில்லை, வைதோமும் இல்லை. அன்னபான நிரோதம் செய்தோம். கடமை என்று எண்ணிச் செய்தோம். மறுநாள் அவன் வழக்கம் போல் வந்து வணக்கம் கூறினான். அதுவே எம்மை மிகவும் வருத்திற்று. அன்று தொட்டுப் பணி ஓய்வு பெறும்வரை எந்தக் குழந்தையையும் உணவு வேளையில் நிறுத்தி வைத்ததில்லை. ஆயினும் அந்த ஒரு வேளைச் சோற்றைத் திருப்பித் தர எம்மால் இயலாது.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

இத்தகைய கொடுமைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று பெற்றோர் ஐயுறுவர். ஜப்பானிலும் இவ்வையம் உண்டு. மட்சுவே நகரக் கல்வித்துறை 2012-இல் 'வெறுங்கால் கென்' நூலைப் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் தாமே எடுக்காதவாறு வைக்கச் சொன்னது. மக்கள் எதிர்க்கவே 2013-இல் அதனைத் திரும்பப் பெற்றது. ஹிரோஷிமாவிலேயே 2023-இல் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து அக்கதைப் பகுதி நீக்கப்பட்டது.

எம் கருத்து இது. பத்து வயதிற்குட்பட்டோர்க்கு இப்படங்கள் வேண்டா. மின்மினிகளின் படமும் சுசுவின் படமும் பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்டோர் பெற்றோருடன் அமர்ந்து காணத் தக்கன. கென்னின் படத்தில் குண்டு விழும் காட்சி மிகக் கொடியது. அதனை மேல்நிலை வகுப்பு மாணாக்கர்க்கு வைத்துக்கொள்ளலாம். எந்தப் படத்தையும் பிள்ளை தனியே காணுதல் கூடாது. கண்டபின் உடனே உறங்க அனுப்பாமல் பேசவிடுதல் வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அனேகாந்தம் பயின்ற நாம் ஒரு பக்கத்தை மட்டும் நோக்குதல் ஆகாது. இப்படங்கள் ஜப்பானியர் பட்ட துன்பத்தையே பெரிதும் காட்டுகின்றன. அதே போரில் சீனத்திலும் பிற ஆசிய நாடுகளிலும் ஜப்பானியப் படையால் எண்ணற்ற குழந்தைகள் மாண்டனர். நகசாவா தம் நூலில் கொரியரான அண்டை வீட்டாரையும் அவர் பட்ட இழிவையும் வரைந்து காட்டினார். பிள்ளைகளுக்கு இதனையும் எடுத்துரைத்தல் வேண்டும். பசித்த குழந்தைக்கு நாடு இல்லை.

முடிவுரை

சேய்டா மாண்ட சன்னோமியா நிலையத்திலிருந்து வடக்கே நடந்து செல்லும் தொலைவில், கோபே நகரின் கிட்டானோ பகுதியில், 1985-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட வெண்பளிங்கு ஆலயம் ஒன்று நிற்கின்றது. அது பகவான் மகாவீரரின் ஆலயம். முத்து வாணிபத்தின் பொருட்டு அங்குக் குடியேறிய நம் சமயத்தார் கட்டியது. படத்தின் இறுதியில் அண்ணனும் தங்கையும் ஆவி உருவில் குன்றின்மேல் அமர்ந்து ஒளிமிகுந்த இற்றை நகரத்தை நோக்குகின்றனர். அவர்கள் நோக்கும் அந்நகரத்தில் இன்று அகிம்சையின் திருவுருவமும் இருக்கின்றது என்று எண்ணும்போது நெஞ்சு கசிகின்றது. ஆலயம் எழுப்புவது ஒரு பணி. ஆலயத்துள் இருப்பவன் அருளிய விரதத்தை அடுக்களையில் காப்பது மற்றொரு பணி.

ஆகாரம், அபயம், மருந்து, சாத்திரம் எனத் தானம் நால்வகை. பசித்த குழந்தைக்கு அவற்றுள் முதலிரண்டும் ஒருங்கே வேண்டும். பெயர்த்திக்கு யாம் இறுதியில் கூறிய விடை இதுவே: "அவளைக் கொன்றவர் ஒருவர் அல்லர், அம்மா. போரைத் தொடங்கியவர் முதற்கொண்டு, அவளைக் கண்டும் காணாதிருந்தவர் வரை பலர். முதலில் நின்றவரை நீயும் நானும் தடுக்க முடியாது. கடைசியில் நின்றவராய் இராமல் இருக்க நம்மால் முடியும்." அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்பு தன் வகுப்பில் உணவு கொண்டு வராத தோழி ஒருத்தி இருப்பதாகக் கூறினாள். மறுநாள் தொடங்கி இரண்டு பெட்டி கட்டப்படுகின்றது.

குடும்பத்துடன் சிந்திக்கச் சில வினாக்கள்

1. அகிம்சை அனுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள் யாவை? அவற்றுள் எது நம் வீட்டில் அறியாமலே நிகழக் கூடும்?

2. அத்தை, சேய்டா, குடியானவன், அரசு ஆகியோரிடம் விளங்கிய கஷாயங்களைக் கூறுக. சேய்டா தன் மானத்தை அடக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கலாம்?

3. யசோதரன் மாக்கோழியைப் பலியிட்டதற்கும் சேய்டா மின்மினிகளைப் பிடித்ததற்கும் உள்ள வேறுபாடு யாது?

4. கென்னின் தாயும் சுசுவும் அளித்த தானங்கள் எவ்வகையைச் சார்ந்தன?

5. நம் வீட்டிலோ பள்ளியிலோ தெருவிலோ நாம் அன்றாடம் கண்டும் காணாதிருக்கும் பசித்த முகம் எது?

ஐந்தாம் வினாவிற்கு விடையை எழுத வேண்டா; செய்தால் போதும்.

வாழ்க அறவாழி! வளர்க ஜீவதயை!